நீலகிரியில் ஒரு மேசைக் கணினி: குறைந்த பணத்தில் பாகம் பார்த்து வாங்குதல்

மேசைக் கணினி ஒன்றைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கிப் பூட்டுவதற்கு எட்டுப் பொருள்கள் வேண்டும்: பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், இவற்றை அடக்கும் கேபினெட், மானிட்டர், கீபோர்டும் மவுஸும் சேர்ந்த ஜோடி. நீலகிரியில் ஒன்பதாவதாக யுபிஎஸ்ஸையும் முதல் நாள் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சென்னையையோ பெங்களூரையோ மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படும் ‘30,000 ரூபாய்க்குள் சிறந்த கணினி’ வகைப் பட்டியல்கள் மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அங்குள்ள குளிரும் ஈரமும் அடிக்கடி போகும் கரண்டும், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் மலைப்பாதையும், எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது, எதில் பிடித்துக்கொள்வது என்ற கணக்கை மாற்றிவிடுகின்றன.

கணினி எதற்கு என்பதே முதல் கேள்வி. பள்ளி, கல்லூரிப் படிப்பு, போட்டித் தேர்வுப் பயிற்சி, அரசு விண்ணப்பங்கள், இணைய வகுப்பு, கடைக்கோ தேயிலைத் தொழிற்சாலைக்கோ கணக்கு எழுதும் டேலி, விருந்தினர் விடுதிக்கு முன்பதிவு பார்ப்பது ஆகிய எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கல்யாணப் படங்களைத் திருத்துவோருக்கும் ஆல்பம் வடிவமைப்போருக்கும் ரேம் கூடுதலாக வேண்டும். வீடியோ எடிட்டிங், புதிய விளையாட்டுகள் என்று போனால்தான் கிராபிக்ஸ் கார்டு பேச்சே வரும். அந்த ஒரு பாகம் மட்டும் மொத்தப் பணத்தில் பாதியை விழுங்கக்கூடியது. சிறு தேயிலை விவசாயி வீட்டுக் கணக்கில் இதைப் பார்த்தால் தெளிவாகும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30,000 ரூபாய் என்பது 1,500 கிலோ இலை. பறிகூலியும் உரச்செலவும் இன்னும் கழிக்கப்படவில்லை. இந்தப் பணத்தில் தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பாகமும் இலையிலிருந்துதான் போகிறது.

அடுத்த கேள்வி, புதிதா பழையதா என்பது. பெங்களூர், சென்னை ஐ.டி. நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற அலுவலகக் கணினிகள் பழுதுபார்க்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. சாதாரண வேலைக்கு இதைவிட மலிவான, உழைக்கக்கூடிய வழி வேறில்லை. அவற்றின் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பல ஆண்டு உழைப்புக்கென்று வடிவமைக்கப்பட்டவை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒல்லியான பெட்டி மாடல்களில் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம் கொண்டது. கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, முழு உயர கிராபிக்ஸ் கார்டும் உள்ளே நுழையாது. எனவே பழைய அலுவலகக் கணினியில் உயரமான ‘டவர்’ மாடலைத் தேடுவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. இதனால் 6, 7ஆம் தலைமுறை இயந்திரங்களின் விலை இறங்கிவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயங்காதவர்களுக்கு இது ஆதாயம். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும்.

ஏமாற்று மிகுந்த இடம் ‘ஐ5’ என்ற இரண்டெழுத்து. ‘ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, புத்தம் புதிய பெட்டி’ என்று நம்ப முடியாத விலையில் விளம்பரமாகும் கணினிகளில் பலவற்றுக்குள் 2011, 2012 காலத்து 2ஆம், 3ஆம் தலைமுறை பிராசஸர் இருக்கும். அதற்கென்று அண்மையில் தயாரிக்கப்பட்ட மலிவான எச்61 போர்டு கீழே பூட்டப்பட்டிருக்கும். பெட்டி புதிது, போர்டு புதிது, மூளை மட்டும் பழையது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இதில் விழ வேண்டியதில்லை. ஐ5-2400 என்பதில் முதல் இலக்கம் 2, அதாவது 2ஆம் தலைமுறை. ஐ3-12100 என்பதில் முதல் இரு இலக்கங்கள் 12. இது 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது. பெயரில் ‘3’ இருந்தாலும் இந்த ஐ3, அந்த ஐ5ஐ எளிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். கடைக்காரரிடம் ‘ஐ5ஆ?’ என்று கேட்பதால் பயனில்லை. முழு மாடல் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

புதிதாகவே வாங்குவதென்றால், குறைந்த விலையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று இன்டெல்லின் ஐ3-12100, அதற்கேற்ற எல்ஜிஏ 1700 சாக்கெட் கொண்ட எச்610 போர்டு. நான்கு கோர், எட்டுத் த்ரெட் கொண்ட இது எழுத்துவேலைக்கும் இணையத்துக்கும் டேலிக்கும் தாராளம். மற்றது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 5600ஜி, கூடவே ஏ520 அல்லது பி450 போர்டு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இன்டெல்லுடையதைவிட வலுவானது. பழைய விளையாட்டுகள், எளிய வீடியோ வேலை ஆகியவற்றுக்கு ஏஎம்டி பக்கமே சாயலாம். ஏஎம்4 என்பது 2017 முதல் புழக்கத்தில் உள்ள சாக்கெட் என்பதால் பழைய பாகங்களும் கைக்குக் கிடைக்கின்றன. 2022இல் வந்த ஏஎம்5 புதியது, நாளை மேம்படுத்த வசதியானது. ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்பதால் இறுக்கமான பட்ஜெட்டுக்கு இப்போதைக்கு எட்டாது.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஐ3-12100எஃப் என்று ‘எஃப்’ ஒட்டியிருந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5000 வரிசையிலும் ‘ஜி’ இல்லாத மாடல்களில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் இவற்றைப் பூட்டினால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று ‘எஃப்’ வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவந்தவர், அதை மாற்றக் கோயம்புத்தூருக்குத் திரும்ப இறங்கினால் மிச்சம் பஸ் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

பொருத்தப் பிழைகள் இப்படித்தான் மலையில் இரட்டை விலை கேட்கின்றன. ஊட்டியிலும் குன்னூரிலும் கணினிக் கடைகள் உண்டு. மவுஸ், கீபோர்டு, எஸ்எஸ்டி, யுபிஎஸ் போன்றவை அங்கேயே கிடைக்கும். ஆனால் குறிப்பிட்ட மாடல் போர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் என்று தேடும்போது பெரும்பாலும் சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோயம்புத்தூர், அல்லது சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, இல்லாவிட்டால் இணையக் கடை என்றாகிறது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோயம்புத்தூர் இன்னும் தொலைவு. ஆகவே வாங்குவதற்கு முன்பே சில பொருத்தங்களைச் சரிபார்த்துவிட வேண்டும். எச்610 போர்டு டிடிஆர்4க்கு ஒன்று, டிடிஆர்5க்கு ஒன்று என இரு வகையாக வருகிறது. ரேமின் வெட்டுக்குறி இடம் மாறியிருப்பதால் ஒன்றுக்கானது மற்றதில் இறங்காது. பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வேலை செய்யப் பயாஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் வேறொரு பழைய பிராசஸர் கையில் வேண்டும், அது வீட்டில் இருக்காது. கடையிலேயே செய்து தரச் சொல்வதுதான் வழி.

பாகங்களிலேயே இப்போது விலை நிலையில்லாதது ரேம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவிப்பதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. எஸ்எஸ்டியும் அதே வகைத் தொழிற்சாலைகளிலிருந்து வருவதால் அதன் விலையும் கூடவே நகர்ந்தது. ‘16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதே’ என்ற பழைய அறிவுரையை இந்த நிலையில் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எழுத்துவேலை, இணையம், டேலிக்கு 8 ஜிபி போதும். அதுவும் ஒரே குச்சியாக வாங்கி, இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டால் பிறகு இன்னொன்று செருகிக்கொள்ளலாம். இரண்டு குச்சிகள் சேர்ந்து இயங்கும் ‘டூயல் சேனல்’ முறையில் உள் கிராபிக்ஸின் வேகம் நன்றாகவே கூடும் என்பதால், 5600ஜி வாங்குவோர் மட்டும் முடிந்தால் முதலிலேயே இரண்டு குச்சி போடலாம். டிடிஆர்4 பழைய ரேமை வாங்குவதில் பெரிய ஆபத்தில்லை. ரேம் அசையும் பாகம் இல்லாதது, எளிதில் தேய்வதில்லை. சோதித்துப் பார்த்து வாங்கினால் பல ஆண்டு உழைக்கும்.

சேமிப்புக்கு எஸ்எஸ்டிதான். நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 எம்பி தரும் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து 550 எம்பி வரை போகும் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போதே கணினி வேறு இயந்திரம் போல ஆகிவிடும். அதிலிருந்து 3,000 எம்பியைத் தாண்டும் என்விஎம்இக்கு மாறும்போது சாதாரண வேலையில் அந்த அளவு வேறுபாடு தெரியாது. விலை சமமாக இருந்தால் என்விஎம்இ, இல்லையென்றால் சாட்டா என்று எடுத்துக்கொள்ளலாம். அளவு 256 ஜிபியில் தொடங்கினாலும் தவறில்லை. பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கரண்ட் சட்டென்று போகும் ஊரில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு அடிவாங்குவது அங்கேதான். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் பழுதாகிப் பரண் ஏறியவை பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றின் ரேம் மேசைக் கணினியில் பொருந்தாது; அது குட்டை வடிவம். ஆனால் உள்ளே இருக்கும் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சாட்டா கேபிளில் நேரடியாகப் பொருந்தும். படங்களையும் பாடக் கோப்புகளையும் இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ள அது செலவில்லாத இடம்.

கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் தேவைப்படுவோர் பழைய கார்டுகளைப் பார்ப்பதுண்டு. எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தின் இயங்குமுறை 2022 செப்டம்பரில் மாறியபோது, அந்த நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவுபகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும். அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

இனி மலை தரும் சலுகை. சமவெளியில் கோடையில் அறை வெப்பம் 36, 38 டிகிரி வரை போகிறது; ஊட்டியில் ஏப்ரல், மே மாதங்களிலேயே பகல் வெப்பம் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கேமராப் படச்சுருள் தயாரிக்க 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஊட்டிக்கு வந்ததற்கு இந்தக் குளிரும் தூசி குறைந்த காற்றும் உதவின. கணினிக்கும் அதே காற்றுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். ஊட்டியில் அதன் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம். மெலிந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே அள்ளிச் செல்லும். சென்னையில் அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடாகும் பிராசஸர், ஊட்டியில் அறை வெப்பத்தைவிட 48 டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடாகலாம். ஆனால் அறையே 10, 15 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் மொத்தத்தில் மலைக்காரருக்கே ஆதாயம். 65 வாட் பிராசஸருடன் பெட்டியிலேயே வரும் கூலர் போதும். தனிக் கூலர், நீர்க் குளிரூட்டி, ஆறு விசிறி கொண்ட கண்ணாடிக் கேபினெட் எல்லாம் அழகுக்கு மட்டும். ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 3,000 மீட்டர் வரை இயக்கலாம் என்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், கவலை வேண்டாம். கேபினெட்டைப் பொறுத்தவரை உறுதியான தகரம், முன்னே ஒன்று பின்னே ஒன்று என இரண்டு விசிறி, தூசி வலை இவை இருந்தால் முடிந்தது.

இடத்தின் இயல்பைச் செலவுக் குறைப்பாக மாற்றுவது நீலகிரிக்குப் புதிதல்ல. முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 11 டிகிரி சரிவுள்ள மலையில் கிடத்தினார்கள். ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரிதான். இதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. 530 மீட்டர் நீளக் கருவியை ஒரே அச்சில் திருப்பி வானத்தைப் பின்தொடர முடிந்தது.

கூலரில் மிஞ்சிய பணம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் போக வேண்டும். நீலகிரியில் 1932லேயே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. மலையில் பிறக்கும் மின்சாரம் சமவெளிக்கும் போகிறது. ஆனாலும் மழைக்காலத்தில் காற்றடித்தால் கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியில் சாய்ந்து ஊர் இருட்டாகிவிடும். 2019 ஆகஸ்ட் பெருமழையில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அத்தகைய நாள்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நாள் கணக்காகும். கணினியைக் கெடுப்பது இருட்டைவிட, கரண்ட் போவதும் வருவதும்தான். போகும் நொடியிலும் வரும் நொடியிலும் மின்னழுத்தம் துள்ளும்.

மலிவான கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ‘450 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். அது உண்மையில் தரக்கூடியது அதில் பாதிகூட இருக்காது. துள்ளலைத் தாங்கும் பாதுகாப்புச் சுற்றும் உள்ளே இருக்காது. சிறிய கணினி ஒன்று முழு வேலையில் இழுப்பது 100, 120 வாட்தான். ஆகவே வாட் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பொருளில்லை, தரத்தைப் பார்க்க வேண்டும். தெரிந்த நிறுவனத்தின் 450 வாட், 80 பிளஸ் முத்திரை, மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரண்டி இவை குறைந்தபட்சம். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாகாது, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பட்டியலில் எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கினாலும், இதை மட்டும் புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ அளவு போதும். அதனுள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, கணினியையும் மானிட்டரையும் புதிதில் 15, 20 நிமிடம் தாங்கும்; கோப்பைச் சேமித்து மூட அது தாராளம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் இந்த ஈய-அமில பேட்டரியின் திறன் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். அதற்கு ஈடாக, வெப்பத்தில் சீக்கிரம் தேயும் இந்த வகைப் பேட்டரி குளிர்ந்த ஊரில் கூடுதல் காலம் வாழ்கிறது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக்கூடாது. அது சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

யுபிஎஸ் வாங்கியும் எர்த் சரியில்லையென்றால் பாதிப் பலன் வீண். பழைய எஸ்டேட் லயன் வீடுகளிலும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் வீடுகளிலும் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. கேபினெட் தகரத்தைத் தொட்டால் விரலில் ‘ஜிவ்’வென்று ஏறுவது இதன் அடையாளம். எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லி, இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்ய வேண்டும். கோடை இடி மழையில் இணையக் கம்பி வழியாகவும் மின்னல் நுழையும். செம்புக் கம்பி இணைப்பு உள்ள வீடுகளில் மோடத்தோடு கணினியின் நெட்வொர்க் துளையும் எரிந்துபோவது உண்டு; ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழியில் மின்னல் வராது. வைஃபை கார்டுக்குப் பணம் இல்லாதவர்கள் தொலைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம். சிக்னல் ஜன்னலோரத்தில்தான் கிடைக்கும் வீடுகளில் நீளமான கேபிள் ஒன்றே போதும், கார்டு தேவையில்லை.

எச்சரிக்கை தேவைப்படும் இன்னொன்று ஈரம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும். இரவில் சில்லிட்ட தகரத்தின்மேல், காலையில் சமையல் ஆவியோ கணப்பின் சூட்டில் எழும் ஈரக்காற்றோ பட்டால் முத்துமுத்தாக நீர் கோக்கும். ஆகவே கணினியை அடுப்படிச் சுவரோரமும், மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு வைக்கலாம். தினமும் சிறிது நேரம் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். மாதக் கணக்கில் மூடிக் கிடப்பதுதான் கெடும். விடுமுறை நாள்களிலும் வாரம் ஒருமுறை போட்டு எடுப்பது நல்லது. நீண்ட நாள் கழித்துப் போடும்போது திரை வராவிட்டால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேதி தானாகப் பின்னுக்குப் போனால் போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

மானிட்டருக்கு 22 அங்குலம், முழு எச்டி போதும். பழையது வாங்கலாம், ஆனால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விஜிஏ மட்டும் உள்ள மானிட்டருக்கு இணைப்பு மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்கும் செலவு சேரலாம். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் முதல் சில மாதங்களுக்கு அதுவே மானிட்டர். கீபோர்டில் செலவிட ஒன்றுமில்லை. தமிழ்99 தட்டச்சு முறை மென்பொருளில் இயங்குவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையடுத்து அரசு ஏற்ற அந்த அமைப்பு எந்தச் சாதாரண கீபோர்டிலும் வேலை செய்யும்.

மென்பொருள் செலவைக் கணக்கில் எழுத மறந்துவிடுவார்கள். முறையான விண்டோஸ் உரிமம் ஒரு நல்ல பிராசஸர் விலைக்கு வரும். உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸைக் கொண்டுசென்றது. படிப்புக்கும் இணையத்துக்கும் இது போதும். டேலி, சில தட்டச்சுப் பயிற்சி மென்பொருள்கள், சில விளையாட்டுகள் விண்டோஸை எதிர்பார்க்கின்றன. அந்தத் தேவை இருப்பவர்கள் உரிமத்தோடு வரும் பழைய அலுவலகக் கணினியை வாங்கினால் இரண்டும் ஒரே விலையில் முடியும்.

பணப் பங்கீட்டைப் பொறுத்தவரை, மானிட்டர் நீங்கலாக 30,000 ரூபாய் என்று கொண்டால், பிராசஸருக்கும் போர்டுக்கும் சேர்த்துப் பாதியைத் தாண்டக் கூடாது. மீதிப் பாதியிலிருந்து எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டுக்குமாக மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சியது ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும். அவற்றின் அன்றைய விலையைப் பொறுத்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். கேபினெட்டுக்கு எது மிஞ்சுகிறதோ அது. கடையில் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஏற்கக் கூடாது, பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் உள்ள சீட்டு ஒட்டியிருப்பது முறையான வழியில் வந்த பொருளுக்கு அடையாளம். பெட்டியில்லாத ‘ட்ரே’ பிராசஸருக்குப் பெரும்பாலும் கடைக்காரர் வாரண்டி மட்டுமே கிடைக்கும். சர்வீஸ் மையம் கோயம்புத்தூரில் இருக்கும்போது தயாரிப்பாளர் வாரண்டி உள்ள பெட்டிக்குச் சிறிது கூடக் கொடுப்பது நஷ்டமில்லை. இணையத்தில் வாங்கினால், வந்த பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது பிற்பாடு தகராறில் உதவும்.

கோயம்புத்தூரில் வாங்குவோர் அங்கேயே பூட்டி, கரண்ட் போட்டு, பயாஸ் திரை வருகிறதா, முழு ரேமும் எஸ்எஸ்டியும் தெரிகிறதா, எல்லா யுஎஸ்பி துளையும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மலை ஏற வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுத்துவர வேண்டும்; மேட்டுப்பாளையத்துக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடும் ஆட்டத்தில் கனமான கார்டு தன் துளையையே உடைத்துவிடும். கேபினெட்டைப் பஸ்ஸின் பின்பக்கச் சாமான் அறையில் போடாமல், போர்டு கீழே கிடக்கும்படி படுக்கவைத்து, இருக்கைக்கு அருகில் வைத்துக்கொண்டு வருவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் உடனே போடாமல், பெட்டி அறை வெப்பத்துக்கு வரும் வரை ஓரிரு மணி நேரம் மூடியே வைக்க வேண்டும்.

ஓர் ஆண்டு கழித்துக் கையில் பணம் சேரும்போது முதலில் சேர்க்க வேண்டியது காலியாக விட்ட இடத்தில் இரண்டாவது ரேம். அதற்கடுத்து எஸ்எஸ்டி. பிராசஸர் மாற்றம் கடைசி. யுபிஎஸ் பேட்டரி பலமிழந்தால் பழையதைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். எரிந்த போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் குப்பையோடு கொட்டினால் அவற்றின் ஈயம் மழையோடு ஓடைக்குப் போகும். மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ அவர்களுக்காகச் சேகரிக்கும் கடையிலோ ஒப்படைக்கலாம்.